சிலபஸ், அட்டை, பின்பெஞ்சு: கற்பித்தல் முறை பற்றிச் சில கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நாமே பேசிக்கொண்டிருக்காமல், கேள்வி போட்டு மாணவர்களைப் பேசவிட்டு வகுப்பை நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சார், என் வகுப்பில் 70 பேர். ஸ்மார்ட் போர்டு, கிளிக்கர் (மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கருவி) எதுவும் இல்லை. எங்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

வரும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூரின் மாணவர்கள் கணக்கெல்லாம் நன்றாகப் போட்டார்கள். லாரியும் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகளில்தான் தடுமாறினார்கள். (இரண்டும் சமம். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், அதிர்ச்சி காத்திருக்கிறது.) அதனால் 1991-ல் அவர் முறையை மாற்றினார். ஒரு கேள்வி போடுவார். முதலில் ஆளாளுக்குத் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடியும் விடை கேட்பார்.

இதற்கு ஆளுக்கு நான்கு நிற அட்டை போதும், ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின்பெஞ்சு நிறம் மாற்றும். முதல் வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் எட்டிப் பார்ப்பார். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல்கிறார் எங்கள் மேடம். வகுப்பில் நாங்களே பேசிக்கொள்கிறோம். ஒன்றும் படித்த மாதிரியே இல்லை.

அப்படித் தோன்றுவது சகஜம். 2019-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், கலந்துபேசிப் படித்த மாணவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அவர்களே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் நீங்கள் பேசும்போது மேடம் பெஞ்சு பெஞ்சாக வந்து காது கொடுக்கிறாரா? வரவில்லை என்றால் உங்கள் குறை நியாயமானதுதான்.

படித்தால் 10 சதவீதம், பார்த்தால் 20 சதவீதம் நினைவில் நிற்கும் என்று பயிற்சி முகாமில் பிரமிடு படம் காட்டினார்களே, உண்மையா?

இல்லை. அந்தப் பிரமிடுக்கு மூலம் என்று சொல்லப்படுவது அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வெளியிட்ட கூம்புப் படம். அதில் சதவீதமே கிடையாது. அந்த எண்கள் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும்) பாடத்தில் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டது.

வெட்கப்பட வேண்டாம். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். ஏழில் சுமார் ஆறு பேர் முடிக்கவில்லை. தேர்வுக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிடுங்கள், பணம் போனால் ரோஷம் வரும். கூட இரண்டு நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி நடத்தினால் சிலபஸ் முடியுமா?

எல்லாவற்றையும் இப்படி நடத்தினால் முடியாது. நான் யூனிட்டுக்கு நான்கைந்து கேள்விகள்தான் வைக்கிறேன். டெரிவேஷன்களை நோட்ஸாகக் கொடுத்துவிடுகிறேன். அவற்றைப் போர்டில் எழுதுவதை விட்டதிலேயே வாரத்துக்கு ஒரு வகுப்பு மிச்சமாகிறது.