உப்புக்காற்றின் மேல் பழி வேண்டாம்

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் மச்சான் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றைக் கொடுத்தார். எங்கள் சங்கு வியாபாரக் கணக்கை அதில்தான் எழுதுகிறேன். அதிலிருந்த பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் (பட்டியலும் சாளரங்களும் கொண்ட திரைமுகப்பு) பிடிக்காததால், பழைய கணினியில் பழகிய எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்பை நிறுவினேன். திரை பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஓரிடத்தைத் தொட்டால் வேறிடம் அழுந்தியது. சென்ற வாரம் புதுப்பிப்பு முடிந்ததும் எக்ஸ்எஃப்சிஇ மறைந்து, டெஸ்க்டாப்புக்குப் போனால் கருந்திரைதான் வருகிறது. உப்புக்காற்றில் உள்ளே துருவேறியிருக்கும் என்கிறார்கள் வீட்டில். அப்படியா?
– வாசகர், கீழக்கரை

பதில்: உப்புக்காற்று சார்ஜர் முனையை அரிக்கும், ஒரு மென்பொருளை மட்டும் பொறுக்கியெடுத்து அழிக்க அதற்குத் தெரியாது. ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் 3 என்ற இக்கருவியின் இயங்குதளம், தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்க மட்டுமே இடம்தரும் பகிர்வில் (சேமிப்பகத்தில் தனியாகப் பிரித்த ஒரு பகுதியில்) வைத்திருக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்து பேக்மேன் என்ற நிறுவல் கட்டளை வழியாக நீங்கள் எதை நிறுவினாலும், அடுத்த புதுப்பிப்பு இணையாக உள்ள மற்றொரு பகிர்வில் புதிய பிரதியை முழுவதுமாக எழுதி, அதிலிருந்தே கருவியைத் தொடங்கவைக்கிறது. அந்தப் பிரதியில் எக்ஸ்எஃப்சிஇ கிடையாது. உள்நுழைவு அமைப்பு இன்னமும் அதையே தேடிக்கொண்டிருந்தால் திரை கருப்பாகத்தான் நிற்கும்.

பழைய பிரதி அழிந்துவிடவில்லை. கருவியை முழுதாக அணைத்து, மூன்று புள்ளிப் பொத்தானைப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்தினால், முந்தைய பிரதியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தோன்றும். அதனுள் நுழைந்து, தொடக்க டெஸ்க்டாப்பை மீண்டும் பிளாஸ்மாவாக்கிவிட்டுப் புதுப்பியுங்கள். கணக்குக் கோப்புகள் பயனரின் கோப்புகளுக்கான ஹோம் பகிர்வில் இருப்பதால் அவற்றைப் புதுப்பிப்பு தொடுவதில்லை; ஆனாலும் வியாபாரக் கணக்கு என்பதால், முதல் வேலையாகப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரை படுத்ததற்கும் காரணம் உண்டு. கையில் அகலவாக்கில் பிடித்தாலும், அந்தத் திரை பிறப்பிலேயே 800 புள்ளி அகலமும் 1280 புள்ளி உயரமும் கொண்ட நெட்டுத்திரை. அதைத் திருப்பிக் காட்டும் வேலையைப் பிளாஸ்மாவில் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇயில் திரை அமைப்புக்குள் சென்று சுழற்சியை வலப்புறமாக நாமே மாற்ற வேண்டும். படம் திரும்பினாலும் தொடுபுள்ளிகளின் கணக்கு தானாகத் திரும்புவதில்லை. அதற்குத் தொடுதிரை அமைப்பை மாற்றும் எக்ஸ்இன்புட் கட்டளையைத் தனியே கொடுத்து, ஒவ்வொரு உள்நுழைவிலும் தானே இயங்கும்படி வைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் திரும்பச் செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து; அமைப்புப் பகிர்வின் அளவும் வெறும் 5 ஜிபிதான் என்பதால், கூடுதலாக நிறுவ இடமும் குறைவு. பிளாஸ்மாவின் பட்டையையும் பட்டியலையும் நீங்கள் பழகிய வடிவுக்கு மாற்றிக்கொண்டு, லிப்ரே ஆபீஸ் போன்ற செயலிகளை டிஸ்கவர் என்ற செயலிக் கடை வழியாகப் பிளாட்பேக் வடிவில் (அமைப்புப் பகிர்வைத் தொடாத தனிப்பொதியாக) நிறுவினால் அவை புதுப்பிப்புக்குப் பிறகும் நிலைக்கும். எக்ஸ்எஃப்சிஇதான் வேண்டுமென்றால், அதனுடன் வரும் வேறொரு லினக்ஸை மைக்ரோ எஸ்டி அட்டையில் நிறுவி, ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்தி அட்டையிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீம் செயலி ஓடாத இடத்தில் அதன் திரை விசைப்பலகை வராது என்பதால், கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.