வாசகர் கேள்வி: ஜப்பானிலுமா ரயில் பாதையை மூடுகிறார்கள்?

கேள்வி: ரயிலுக்கே பேர் போன நாடு ஜப்பான். அங்கேயும் பாதைகளை மூடுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? – விருதுநகர் வாசகர்

பதில்: உண்மைதான், அதிகம் அடிபடுவது வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவு. டோக்கியோவில் சுமார் 2,200 சதுர கிலோமீட்டருக்குள் 1.4 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஹொக்கைடோவோ 83,000 சதுர கிலோமீட்டர், ஆனால் மக்கள் சுமார் 50 லட்சம்தான், அதிலும் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் சப்போரோ என்ற ஒரே நகரத்தில். டோக்கியோவைச் சுற்றிவரும் 34.5 கிலோமீட்டர் யமனோதே தடத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டும் காலையில் கூட்டம் நெரிகிறது, டிக்கெட் காசிலேயே செலவை எடுத்துவிடலாம். ஹொக்கைடோவில் ஆள் குறைந்தாலும் தண்டவாளம், பாலம், குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளுகிற வேலை எதுவும் குறையாது.

ஆனால் பழியை முழுக்க மக்கள்தொகை மேல் போட எனக்கு மனசு வரவில்லை. 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு பயணிகள் ரயில் கம்பெனிகள் ஆக்கினார்கள். அதோடு டோக்கியோ பக்கத்து லாபம் ஹொக்கைடோவுக்குப் போவது நின்றது. அங்கே நட்டம் வரும் என்று முன்பே தெரியும், அதனால் பெரிய நிதி ஒன்றைக் கொடுத்து அதன் வட்டியில் சமாளிக்கச் சொன்னார்கள். அப்புறம் 90-களில் வட்டி விகிதம் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. 2016-இல், ஏறக்குறையப் பாதிப் பாதைகளைத் தனியாகப் பராமரிக்க முடியாது என்று ஹொக்கைடோ கம்பெனியே அறிவித்தது. ஹொக்கைடோவில் இருந்த ஷின்-தொட்சுகாவா ஸ்டேஷனுக்கு அந்த ஆண்டிலிருந்து நாளைக்கு ஒரே வண்டி, காலையில் வந்து அரை மணியில் திரும்பிவிடும். அதை நம்பி யார் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியும்? 2020-இல் அந்தப் பாதையையும் மூடிவிட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் ஆள் குறைந்த ஊருக்கு வழியே கிடையாதா? – அதே வாசகர்

பதில்: இருக்கிறது. ஹொக்கைடோவில் மூடிய பாதைகளுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள், ஓட்டுநர் பற்றாக்குறையால் அதுவும் சில இடங்களில் இழுபறி. இதில் எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து. ஆண்டு முழுவதும் 100 பேராவது வசிக்கிற ஊர் என்றால், அதன் பொதுப் போக்குவரத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் கொடுக்கின்றன. மலைக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ரயில் போடவில்லை, மஞ்சள் நிறத் தபால் பஸ்தான் போகிறது, அதுவும் கீழே ஸ்டேஷனுக்கு ரயில் வரும் நேரத்தை ஒட்டி. பஸ் வேண்டுமா என்ற கேள்வி அந்த ஊர்களுக்கு இல்லை, எத்தனை நடை என்பதைத்தான் பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.