வாசகர் கேள்வி: இறக்கை ஒடிந்ததுபோல் நடித்த பறவை

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆளரவமற்ற பகுதியில் நடந்தபோது, சிறு பறவை ஒன்று ஒடிந்த இறக்கையை இழுப்பதுபோல் எனக்கு முன்னே ஓடி, சற்றுத் தொலைவு சென்றதும் பறந்துவிட்டது. அதற்கு என்ன நேர்ந்தது?
— வாசகி ஒருவர், கடலூர்

பதில்: அதற்குக் காயம் ஏதுமில்லை. பெரும்பாலும் அது உப்புக்கொத்தி இனப் பறவையாக இருக்கும். உங்களைத் தன் முட்டைகளிடமிருந்து விலக்கி அழைத்துச் செல்லவே அப்படி நடித்திருக்கிறது. மணலில் நெஞ்சை அழுத்திக் குடைந்த சிறு பள்ளமும், சில கிளிஞ்சல் துண்டுகளுமே அதன் கூடு. மணல் நிறத்தில் கரும்புள்ளிகள் தெறித்த அந்த முட்டைகள் ஒரு முழத் தொலைவிலும் கண்ணில் படாமல் காலிலும் வண்டிச் சக்கரத்திலும் சிக்கிவிடுகின்றன என்பதுதான் வேதனை. நாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் தாய் திரும்பி வந்து நிழல் தராது. சித்திரை வெயிலில் முட்டைக்குள்ளேயே கரு வெந்துவிடும்.

வட அமெரிக்காவில் சுமார் 50 கிராம் எடையுள்ள பைப்பிங் ப்ளோவர் என்னும் இதன் உறவுப் பறவை, 1986இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றபோது, அங்குள்ள பேரேரிக் கரைகளில் ஏறத்தாழ 17 இணைகளாகக் குறுகியிருந்தது. கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டியும், நாய்களைத் தடுத்தும், பறவை நுழையக்கூடிய, ஆனால் நரி நுழைய முடியாத கம்பிக் கூண்டுகளை வைத்தும் காத்ததில், அண்மை ஆண்டுகளில் அவை 70 இணைகளைத் தாண்டியுள்ளன.

மறுபடி அப்பறவையைக் கண்டால், படம் எடுக்க நெருங்காமல், காலடியைப் பார்த்தபடி வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.