ஈரத்தோடு மடித்து வைத்த டென்ட்

கேள்வி: வணக்கம் சார். போன அக்டோபரில் முட்டம் கடற்கரையில் பிள்ளைகளோடு ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கினோம். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அவசரமாகச் சுருட்டிப் பையில் திணித்து, வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது எடுத்தால் ஒரே புளித்த வாடை. உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அங்கங்கே கரும்புள்ளிகள். ஜிப் நகரவே மாட்டேன் என்கிறது. வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது. துவைத்தால் சரியாகுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பிசுபிசுப்பைப் பார்ப்போம். டென்ட் பிழைக்குமா என்பது அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்து நாள்கணக்கில் நின்றால் அந்தப் பூச்சு சிதைந்து பசையாகிவிடும். புளித்த வாடையும் பெரும்பாலும் அதனுடையதுதான். அப்படிப் போன பூச்சு துவைத்தால் திரும்ப வராது.

அடித்தரை மட்டும் ஒட்டுகிறது என்றால் சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக மெல்லத் தேய்த்துப் பழைய பூச்சை எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், டென்ட் துணிக்கென்றே விற்கும் நீர்காப்புப் பூச்சை அடிக்கலாம். கீழே ஒரு தார்ப்பாயும் விரித்துக்கொள்ளுங்கள். மேல்விரிப்பு முழுக்க ஒட்டினால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை மழைக்கு நம்ப வேண்டாம்.

கரும்புள்ளி பூஞ்சணம். தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கறை கொஞ்சம் நிற்கும், அது பரவாயில்லை. பிளீச்சிங் பவுடர், வெந்நீர், வாஷிங் மெஷின் மூன்றும் கூடவே கூடாது.

ஜிப்பில் இருப்பது உப்பும் மணலும். பலமாக இழுக்காதீர்கள். பழைய டூத் பிரஷை நல்ல தண்ணீரில் நனைத்துப் பல் பல்லாகத் தேய்த்தால் இளகிவிடும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். இதற்கு வேண்டாம், அடுத்த தடவை மணல் அதிலேயே போய் ஒட்டும். மெழுகுவர்த்தியால் லேசாகத் தேய்த்தால் போதும். அலுமினியக் கம்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மடக்கும்போது நடுக்கணுவிலிருந்து இரண்டு பக்கமும் மடக்கினால் உள்ளே ஓடும் எலாஸ்டிக் ஒரே பக்கம் இழுபடாது.

சாரணர் ஆசிரியராக இருந்த காலத்தில் நானே இரண்டு கூடாரங்களை இப்படி இழந்திருக்கிறேன். பேச்சிப்பாறை முகாம் முடிந்து மழையில் திரும்பினோம். திங்கட்கிழமை விரிக்கலாம் என்று கட்டி வைத்தேன். அந்தத் திங்கள் வரவே இல்லை. பொங்கல் கழிந்து பிரித்தால் கித்தான் துணி விரலோடு கிழிந்து வந்தது. பையன்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம். வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரு வாரம் தாங்குவது நமக்கு இரண்டு நாள் தாங்காது. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே, சோறு தின்னும் முன்பே, விரித்துவிடுங்கள்.

அப்புறம், பரண் வேண்டாம். கான்கிரீட் கூரைக்கு அடியில் மாசி, பங்குனி வெக்கை பூச்சைத் தின்றுவிடும். டென்ட்டோடு வரும் இறுக்கமான பை பயணத்துக்கு மட்டும். வீட்டில் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடிக்காதீர்கள், அந்த இடத்தில்தான் பூச்சு வெடிக்கும்.

கேள்வி: ஆனி, ஆடியில் வெயிலே இல்லை. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் எங்கள் புகைப்புரையில் டென்ட்டைத் தொங்கவிடலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: வேண்டாம்மா. உள்ளே சூடு 60 டிகிரி வரைகூடப் போகும். ஷீட்டிலிருந்து வரும் ஈரமும் புகையும் துணியில் ஏறும். திண்ணையில் கொடி கட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி போட்டு, ஃபேனைத் திருப்பி வையுங்கள். வெயில் அடித்தாலும் நிழலில் காய்வதுதான் நல்லது, வெயில் நைலான் நூலை நைந்துபோகச் செய்யும். மடிக்கும் முன் அடித்தரையும் சுவரும் சேரும் தையலை விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான்.