ஏழரை பிடித்த பையன்

அம்மா,

"ஆறு வருஷம் மிருதங்கம் கற்றவன், பிளஸ் டூ நேரத்தில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டே இருக்கிறான், ஏழரை பிடித்துவிட்டதோ" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அவனுக்குப் பிடித்த வகை ராக் இசையில் ஏழரை எண்ணிக்கைச் சுற்று உண்மையிலேயே உண்டு.

"ராக் பேண்டுக்கு கண்டக்டர் ஆக வேண்டும்" என்கிறானாம். உங்களுக்குப் பேருந்துதான் ஞாபகம் வந்திருக்கும். அவன் சொல்வது ஃபிராங்க் ஸாப்பா செய்த வேலையை. அமெரிக்கர், 1993இல் இறந்தார். மேடையில் கிதாரும் வாசிப்பார், குழுவையும் கையால் நடத்துவார். தலையோரம் இல்லாத சடையை விரலால் திருகிக் காட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு அப்படியே ரெகே (சடைமுடிக்காரர்களின் ஜமைக்கா இசை) பாணிக்கு மாற வேண்டும். எப்போது காட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வாசிப்பவர்களின் ஒரு கண் எப்போதும் அவர் மேல்தான்.

வேகமான ஏழு எண்ணிக்கையில் ஏழு முறை கை வீசினால் குழு குழம்பிவிடும். தக, திமி, தகிட என்று பிரித்து மூன்றே வீச்சு, மூன்றாவது மட்டும் கொஞ்சம் நீளம். இது உங்கள் பையனுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். ஸாப்பா டெரி போஸியோ என்ற டிரம்மருக்காக எழுதிய 'தி பிளாக் பேஜ்' இன்னும் வேடிக்கை. சுரக்குறிகள் நெருங்கி நெருங்கிப் பக்கமே கறுத்துப்போனதால் அந்தப் பெயர். தாளம் என்னவோ சாதாரண நான்குதான். உள்ளே ஐந்து, ஏழு, பதினொன்று என்று நடை, அதாவது எண்ணிக்கையைக் கூறுபோடும் விதம், மாறிக்கொண்டே போகும், சில இடங்களில் ஒரு நடைக்குள்ளேயே இன்னொரு நடை. ஆதி தாளம் போட்டுக்கொண்டே ஐந்து ஐந்தாகப் போகும் கண்ட நடை வாசித்தவனுக்கு இது அந்நியமே இல்லை. சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர் 1978இல் ஸாப்பாவோடு மேடையேறியிருக்கிறார் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். கொஞ்சம் குதிப்பான், பரவாயில்லை.

சரி, இவனிடம் இல்லாதது என்ன? படிப்பதும் எழுதுவதும். நம் பிள்ளைகள் காதால் கற்று வாயால் சொல்கிறார்கள். அந்த உலகம் தாளில் எழுதியதைப் பார்த்த உடனே வாசிக்கச் சொல்கிறது. ஸ்டீவ் வாய் என்ற கிதார் கலைஞர், அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரி மாணவராக இருந்தபோது அந்தக் கறுப்புப் பக்கத்தைக் காதால் கேட்டே எழுதி ஸாப்பாவுக்கு அனுப்பினார். முதலில் கிடைத்தது ஸாப்பாவின் வாசிப்பைக் கேட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டு மேற்கத்திய சுரக்குறி முறை) எழுதும் வேலை. 1980இல்தான் குழுவோடு பயணம். விரல் வேகத்துக்கு முன்னால் நோட்டுப் புத்தகம் அவரை உள்ளே அழைத்துப்போனது.

ஆகவே என் யோசனை இது. டிரினிட்டி அல்லது ராக்ஸ்கூல் என்ற பிரிட்டிஷ் அமைப்புகள் நடத்தும் இசை கிரேடு தேர்வுகளுக்கு இப்போதே தயார் செய்யட்டும், டிரம்ஸுக்காக மட்டும் அல்ல, நொட்டேஷனுக்காக. கொஞ்சம் பியானோவும் தொடட்டும், கண்டக்டருக்கு அது இல்லாமல் ஆகாது. சென்னையில் ரஹ்மானின் கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுக் கல்லூரிக்காக வீட்டை அடமானம் வைக்கிற பேச்சை இந்த வருடம் எடுக்கவே வேண்டாம். பெர்க்லி போன்ற இடங்களில் எப்படியும் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். உதவித்தொகை வந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

பணம்? இந்த இசை மட்டும் வாசித்து இங்கே வாடகை கொடுக்க முடியாது, மறைக்க விரும்பவில்லை. சோறு போடுவது பக்கத்து வேலைகள்: ரிக்கார்டிங், வகுப்பு எடுப்பது, பெரிய மேடைக் கச்சேரிகளுக்கு கிளிக் டிராக், அதாவது டிக் டிக் என்று எண்ணிக்கை சொல்லும் ஒலிப்பதிவு, தயாரிப்பது. கடைசியாகச் சொன்னது நல்ல வேலை. எண்ணிக்கை மாறும் இடமெல்லாம் முன்கூட்டியே பதிந்து, வாசிப்பவர்கள் காதில் மட்டும் கேட்கவைக்க வேண்டும். எண்ணத் தெரிந்தவனுக்குத்தான் அது வரும். கணக்கு பிடிக்கும் என்றீர்களே, டிகிரி ஒன்றைக் கூடவே முடிப்பதில் அவனுக்குக் கஷ்டம் இருக்காது. முடிக்கட்டும்.

இன்னொன்று, இது அவனுக்கு. ஸாப்பாவின் 1988 குழு சுமார் நான்கு மாதம் ஒத்திகை பார்த்தது. பன்னிரண்டு பேர், எல்லோரும் கெட்டிக்காரர்கள். பயணம் பாதியில் நின்றது. தாளம் தப்பியதால் அல்ல. ஸாப்பாவின் சார்பில் ஒத்திகையை நடத்திய கலைஞருக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் தங்கையோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று மாதம் பொறுங்கள். பிடித்த பாட்டில் பதினாறு சுற்றை யார் உதவியும் இல்லாமல் காதால் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.