‘அவளும்’ என்று எழுதிவிட்டீர்கள்

கேள்வி: எனக்கு வயது 43. சிறுகதைகள் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காலை 5 மணிக்கு எழுந்து எழுதுவதென்று இரண்டு முறை தொடங்கினேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பத்து நாளைத் தாண்டவில்லை. எழுப்பிவிடும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் அவளும் அயர்ந்துவிடுகிறாள். கையால் எழுதுவது நல்லதா, கணினியிலா? ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

பதில்: கையோ கணினியோ, எது அருகில் இருக்கிறதோ அதில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

‘அவளும் அயர்ந்துவிடுகிறாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘உம்’மைச் சற்று நின்று பாருங்கள். அவரும் அயர்ந்தார் என்றால் நீங்கள் முன்பே அயர்ந்துகிடந்தீர்கள் என்றுதானே பொருள்? ஆனால் தவறிப்போன நாளெல்லாம் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. முந்தைய இரவு அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எந்த வேலையை முடித்துவிட்டுப் படுத்தார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. மனிதர்களைப் பற்றிக் கதை எழுத விரும்புகிறவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவரின் களைப்பு கண்ணில் படவில்லை என்பது, பத்து நாளில் பழக்கம் முறிந்ததைவிடப் பெரிய குறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப், அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியவர். அவரையும் ஒருவர்தான் எழுப்பினார்: குதிரைகளைப் பார்த்துக்கொண்ட முதிய பணியாள். அந்த வேலைக்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததோடு, தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று தன்வரலாற்றிலும் டிரோலப் எழுதிவைத்தார். நீங்கள் கூலியும் தரவில்லை, நன்றியும் சொல்லவில்லை. குறை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு பக்கமே வாங்கிக்கொண்டிருக்கும்போது கணக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது; 12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணித்துச் சொன்னவை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் புதிய செயலை, அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் முடிச்சு இன்னொருவரின் தூக்கத்தோடு போடப்பட்டிருக்கிறது.

ஆகவே 5 மணியை மறந்துவிட்டு, நீங்களாகவே விழித்திருக்கும் வேளையில், நாள்தோறும் செய்யும் ஏதேனும் ஒரு வேலை முடிந்த கையோடு, 20 நிமிடம் உட்காருங்கள். பக்கக் கணக்கு வேண்டாம். அந்த நேரத்தில் பழையதைத் திருத்தவும் வேண்டாம். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தால், மறுநாள் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியிருக்காது. அந்த 20 நிமிடத்துக்கு வீட்டார் அமைதி காக்க வேண்டும் என்று கேட்பதானால், மனைவிக்கும் அதே அளவு நேரத்தை, அதில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்காமல், ஒதுக்கிக்கொடுங்கள். அப்போது வீட்டு வேலை உங்கள் பொறுப்பு.

இன்றிரவே அவரிடம், நாளை முதல் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால், எனக்கு எழுதிய கடிதத்தை அந்த ஒரு வரியோடு சேர்த்துப் படிக்கக் கொடுங்கள்.