ஸ்தோத்திரம் எதற்கு, எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறுப்பின் பண்டிகை வருகிறது. ரப்பர் விலை படுத்துவிட்டது, மழையில் பால்வெட்டும் சரியாக நடக்கவில்லை. எதைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவது? வெறும் வாய்ச்சொல்லாக இருக்க எனக்கு மனதில்லை.
(ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: விலை இல்லை என்பதை ஜெபத்தில் மறைக்காதீர்கள், சகோதரி. ஆபகூக் 3:17ஐ வாசித்துப் பாருங்கள், அப்படியே ஒரு நஷ்டக் கணக்கு. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று ஆறு இனம் எழுதி ஆறிலும் ஒன்றுமில்லை என்கிறார். அடுத்த வசனத்தில் கர்த்தருக்குள் மகிழ்கிறார். அடுத்த போகத்தில் விளையும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

சங்கீதம் 103:3-5 இன்னும் உதவும். அங்கே உபகாரங்கள் வரிசையாக வருகின்றன. பாவமன்னிப்பு முதலில், நோய் நீங்குவது அடுத்து, அழிவிலிருந்து மீட்பு, கிருபை, கடைசியில்தான் வாய்க்கு நன்மை. நம் வீட்டு ஜெபத்தில் இது தலைகீழ். வீடு, விசா, கடன் எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் மன்னிப்பு. விலை விழுந்ததும் ஜெபமும் வற்றிப்போவது அதனால்தான்.

இரவு ஜெபத்துக்கு முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். கிறிஸ்து செய்தது ஒன்று, இன்று கிடைத்தது ஒன்று, அது யார் கையால் வந்தது என்பது ஒன்று. ‘சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்’ என்று எழுதக்கூடாது. ‘ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர்பால்) விற்ற காசில் பிள்ளையின் பீஸ் கட்டினோம்’ என்று எழுதலாம். நாலைந்து நாளில் எழுத ஒன்றும் இல்லாததுபோலத் தோன்றும். வரவை மட்டும் தேடினால் அப்படித்தான். நடக்காமல் போனதையும் எழுதுங்கள். விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனவர் பாம்பு தீண்டாமல் திரும்பியதும் கணக்கில் வர வேண்டாமா?

கேள்வி: 2017 ஒக்கிப் புயலில் சிலர் கரை திரும்பினார்கள், பலர் வரவில்லை. திரும்பியவர் ‘ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்’ என்று கோயிலில் நன்றி சொன்னால், கணவனை இழந்தவர்களுக்கு எப்படி இருக்கும்?
(ஒரு வாசகர், தூத்தூர்)

பதில்: சங்கீதம் 107 (உங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல் 107) நான்கு கூட்டத்தாரைச் சொல்கிறது: வனாந்தரத்தில் அலைந்தவர்கள், கட்டுண்டவர்கள், நோயாளிகள், கடலோடிகள். 23 முதல் 30 வரை புயலில் சிக்கியவர்களின் அனுபவம். தப்பியவர்கள் மக்களின் சபையிலே அவரை உயர்த்தட்டும் என்கிறது 32ஆம் வசனம். ஆகவே சொல்வதில் தவறில்லை, சொல்கிற விதத்தில்தான் கவனம் வேண்டும்.

‘ஜெபித்ததால் தப்பினேன்’ என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். வராதவர்களும் ஜெபித்துத்தானே இருப்பார்கள். ‘கடவுள் அவர்களை எடுத்துக்கொண்டார்’ என்று விளக்கம் சொல்வதும் உங்கள் வேலையல்ல. முன்கூட்டியே அந்த வீடுகளுக்குப் போய், ‘இப்படிச் சொல்லப்போகிறேன், பெயரைச் சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். சம்மதித்தால் உடன் வந்தவர்களின் பெயரை முதலில் சொல்லி, ‘எனக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை, உயிரோடிருப்பதற்கு நன்றி’ என்று முடியுங்கள். நவம்பர் இறுதியில் 2017ஐ நினைவுகூரும்போது அழுகை முதலில், நன்றி பிறகு. நன்றி சொல்ல வராதவர்களை வற்புறுத்தாதீர்கள். 88ஆம் சங்கீதம் துதி இல்லாமல், இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

கேள்வி: குடும்ப நன்மைகளைத் தாண்டி, சபையாக எதற்கு நன்றி சொல்லலாம்?
(ஒரு வாசகர், பாறசாலை)

பதில்: உபாகமம் 26இல், முதற்பலன் கூடையோடு வருகிறவன் விளைச்சலின் எடையைப் பேசுவதில்லை. எகிப்தில் முன்னோர் பட்ட பாட்டைச் சொல்கிறான். தென்திருவிதாங்கூர் சபைகளுக்கும் சொல்ல இருக்கிறது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது, 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது, மேலாடை அணியத் தடுக்கப்பட்டிருந்த நாடார் பெண்களுக்கு அதை அனுமதித்து 1859இல் அரசு அறிக்கை வந்தது. காணிக்கைக்கு முன் ஒரு மூப்பர் ஐந்து நிமிடம் இதை வாசிக்கட்டும். மிஷனரிகளை மட்டும் புகழ்ந்து, அடிபட்டும் விட்டுக்கொடுக்காத நம் பெண்களை விட்டுவிடக்கூடாது. வழக்கமாக அதுதான் நடக்கிறது. 11ஆம் வசனம் அந்நியனையும் சேர்த்துக்கொள்கிறது. அன்பின் விருந்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளிகளையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்தோத்திரக் காணிக்கைத் தொகையைச் சபையில் வாசிக்கலாமா? காணிக்கையாக வரும் விளைபொருள்களை ஏலம் விடுவது சரியா?
(ஒரு வாசகி, களியக்காவிளை)

பதில்: தொகை வேண்டாம், காரணத்தை வாசியுங்கள்: ‘சுகப்பிரசவத்துக்காக, ஒரு குடும்பத்தார்.’ ஏலம் தன்னளவில் தவறல்ல. ஒரு வாழைக்குலைக்கு இரண்டு வீட்டார் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவதுதான் தவறு. ஏலம் விடுகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பெயரைக் கூவக்கூடாது, ஒரு அளவுக்கு மேல் போனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். லேவியராகமம் 7:15இன்படி ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை மறுநாளுக்கு வைக்கக்கூடாது, அன்றே தின்றுவிட வேண்டும். ஒரு வீட்டாரால் தின்று தீராது, நாலு பேரைக் கூப்பிட்டாக வேண்டும். அதனால் ஏலத்தில் விற்காத மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கையும்) தேங்காயையும் அன்று மாலையே இல்லாத வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள்.